வல்லக்கோட்டை வழியாக ஒரு வாடகை சைக்கிள் உலா

பொய் சொல்வது என்று தீர்மானித்துவிட்டால், முதலில் திரும்பிப் பார்த்து, பின் பெஞ்சில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன ஜாக்கிரதை இருபத்திரண்டு வயதில் எனக்கு இல்லை. இருந்திருந்தால் என் வலது முழங்காலில் இந்தத் தழும்பு இருந்திருக்காது.

2003-ஆம் வருஷம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அனுப்புவது எங்கள் வேலை. கோவில்பட்டியிலிருந்து ஒரு டிப்ளமா சான்றிதழோடும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் வந்து இறங்கியிருந்தேன். (மெட்ராஸ் பக்கம் நல்ல வாளி கிடைக்காது என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.) ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். பதினோரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டேன்.

ஒரகடத்தில் ஒரு ரூமில் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைப்பேன், தூங்குவேன், சாப்பிட எழுந்திருப்பேன், சாப்பிட்ட களைப்பில் மறுபடி தூங்குவேன். இதுதான் உண்மை. இந்த உண்மையைக் கேன்டீனில் தேவராஜிடம் அப்படியே சொல்லியிருக்கலாம்.

தேவராஜ் என் லைனில் வேலை செய்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், பக்கத்துக் கிராமத்துக்காரர். குடும்பம் முழுக்க விவசாயம், இவர் மட்டும் யூனிஃபார்ம் போட்டவர். தெற்கேயிருந்து வருகிற பையன்களைச் சீண்டுவது அவருக்கு ஊறுகாய் மாதிரி, அது இல்லாமல் சோறு இறங்காது. அன்றைக்கும், ஒரு வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், ரூமையும் கம்பெனியையும் தவிர எதையாவது பார்த்திருக்கிறீர்களா, தூங்கித் தூங்கியே பாயைத் தேய்க்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தேவராஜ் அண்ணே, உங்க ஊரு உங்களுக்கே தெரியாது. நான் ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்தா நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வாரேன். கோயிலு, ஏரி, காடு, கல்வெட்டு, ஒண்ணு விடுறதில்ல.”

கல்வெட்டு என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்த வார்த்தையை நான் உச்சரித்ததே கிடையாது.

பின் பெஞ்சில் ஒரு தட்டு நகர்ந்தது. ராகவன் சார். பிளாண்ட் ஹெட். எங்கள் கம்பெனியில் அவருக்கு மேலே கூரைதான் இருந்தது. ஆபீசர்கள் சாப்பிடுகிற இடத்தை விட்டு அவ்வப்போது எங்களோடு வந்து உட்காருவார், அது தெரியும். அன்றைக்கு வந்திருக்கிறார் என்பதுதான் தெரியாது.

“நாப்பது கிலோமீட்டரா? வெரி குட். நானும் சைக்கிள் ஆளுதான்ப்பா. இந்த ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. என் ஒய்ஃபும் வருவாங்க.”

தேவராஜ் குனிந்து தன் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வழி வேண்டும், வழி நெடுகச் சரித்திரம் வேண்டும். சைக்கிளைக் கடைசியாக மிதித்தது பாலிடெக்னிக்கில். சரித்திரத்தைக் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில், அதுவும் முப்பத்தெட்டு மார்க்.

தேவராஜிடமே போய் விழுந்தேன். மனிதர் சிரித்து முடிக்க ஒரு டீ நேரம் ஆனது. பிறகு லைனில் கழித்துக் கட்டுகிற பொருள்களில் மாட்டும் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் வரைபடம் போட்டுத் தந்தார். முதலில் வல்லக்கோட்டை முருகன் கோயில். அங்கிருந்து ஏரிக்கரை. கரையில் ஒரு பனைமரத்தடியில் இடது பக்கம் இறங்கினால் மண்பாதை, அப்புறம் தார்ரோடு. கடைசியில் சிங்கப்பெருமாள் கோவில், மலையைக் குடைந்த கோயிலில் நரசிம்மர். வழியில் தன் கிராமமும் வரும் என்றார். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வரி விவரம் சொன்னார், நான் ராத்திரியும் பகலுமாக மனப்பாடம் செய்தேன். சனிக்கிழமை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாலு நாளும் பயத்தோடு கூடவே ஒரு துள்ளலும் இருந்தது. நிஜமாகவே இதெல்லாம் பக்கத்தில் இருக்கிறது, நான் நிஜமாகவே போகப்போகிறேன் என்ற நினைப்புதான் காரணம். பொய்க்காரனாக இருந்தாலும் ஆசைக்காரன்.

சைக்கிள் கடைக்காரர் மிச்சமிருந்த ஒரே வண்டியைக் கொடுத்தார். பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் ‘வாடகை 7’ என்று எழுதியிருந்தது. ஞாயிறுதோறும் நாற்பது கிலோமீட்டர் போகிறவன் வாடகை சைக்கிளிலா போவான்? களிமண்ணைக் குழைத்து அந்த எழுத்தின்மேல் அழகாகப் பூசினேன். வண்டி பார்ப்பதற்கு நிறைய ஊர் சுற்றிய மாதிரியும் ஆகிவிட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரகடம் நாற்சந்தியில் நின்றேன். முந்தின வாரம் முழுக்க மழை. காற்று குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. ஒரு ஜீப்பிலிருந்து சாரும் மேடமும் இறங்கினார்கள், பின்னாலிருந்து இரண்டு கியர் சைக்கிள்கள் இறங்கின. சார் தலையில் ஹெல்மெட், கையில் விரல் இல்லாத உறை. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மேடம் பெயர் வசந்தா. சுடிதார், கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு ஜோல்னாப் பை. என்னைப் பார்த்து, உங்களால்தான் இவர் நாலு நாளாகத் தூங்கவில்லை என்று சிரித்தார். எனக்கும் அதே நிலைமைதான் என்று சொல்ல முடியவில்லை.

கிளம்பினோம். முதல் ஐந்து நிமிஷத்தில் என் தொடை இரண்டும் நீ யார் என்று கேட்டன. அதற்கப்புறம் ரோடு லேசாகச் சரிந்தது, இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், வெயில் இன்னும் வராத வெளிச்சம். மூன்று பேரும் மிதிக்காமலே போனோம். சார் ஒரு கையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விசில் அடித்தார். எங்களைத் திட்டுகிற அதே வாய். அந்த நிமிஷம் எனக்குப் பொய் கிய்யெல்லாம் மறந்துபோய், நான் உண்மையாகவே இந்த ஊர்களின் ராஜா என்று தோன்றிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் வல்லக்கோட்டையில் மாட்டினேன். முருகன் ஏழடி உயரம் என்று தேவராஜ் சொன்னதை அப்படியே சொன்னேன். சன்னதியில் நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டு பேரும் அசந்து நின்றார்கள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கோயிலை ராஜராஜ சோழன் போருக்குப் போகிற வழியில் கட்டினான், குதிரைக்குத் தண்ணீர் காட்ட இறங்கியபோது கனவு வந்தது என்று சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன். (பகலில், குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது, எப்படிக் கனவு வரும் என்று நான் யோசிக்கவில்லை.)

மேடம் மிகவும் மரியாதையாக, அது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

“பழைய கல்வெட்டு மேடம்.”

சார் வெளியே வந்து ஷூ மாட்டும்போது என் காதருகே குனிந்து, மேடம் இருபது வருஷமாகக் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள், பல்லவர் காலம்தான் அவர்களுடைய ஆராய்ச்சி, உன்னோடு பேச ரொம்ப ஆசையாக வந்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் காலடியில் தரை ஒரு அங்குலம் இறங்கியது.

அதன் பிறகு நான் சரித்திரத்தை விட்டுவிட்டு இயற்கைக்கு மாறினேன். ஏரி வந்தது. வந்தது என்று சாதாரணமாகச் சொல்லக்கூடாது. கரை மேல் சைக்கிளைத் தள்ளி ஏற்றியதும், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், ததும்பிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் கண்மாய் என்போம், அதில் மாடு நிற்கத்தான் பார்த்திருக்கிறேன், இப்படித் தண்ணீர் நின்று பார்த்ததில்லை. நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம். நான் குஷியில், அதெல்லாம் சைபீரியாவிலிருந்து வருகிற பறவை என்றேன். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“அது கொக்கு காளிராஜ்.”

சைபீரியாவிலும் கொக்கு இருக்கும் என்று நான் சொன்னதாக சார் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார். நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

பனைமரத்தடியில் இடது பக்கம் என்று அட்டையில் இருந்தது. அந்தக் கரையில் குறைந்தது இருநூறு பனைமரம் இருந்தது. மூன்றாவதில் இறங்கினேன், முள். பதினோராவதில் இறங்கினேன், ஒரு எருமை. இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போய், கரை முடிகிற இடத்துக்கே வந்துவிட்டோம். அங்கே கலங்கல். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போவதற்குக் கட்டியிருக்கும் கல் சுவர், ஒரு மாட்டுவண்டி அகலம். அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கிராமம் தெரிந்தது.

சார், திரும்பிவிடலாமா என்று கேட்டார். மேடமும் அதையே சொன்னார். இரண்டு அறிவாளிகள் சொன்னதை நான் ஒருவன் மறுத்தேன்.

“நான் வாராவாரம் இது மேலதான் சார் ஓட்டிக்கிட்டுப் போவேன்.”

ஏறி மிதித்தேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சைக்கிள் போனது, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி தெறித்தது. பாதி தூரம் வரைக்கும் அது என் வாழ்க்கையிலேயே சிறந்த சைக்கிள் சவாரி, அதை மறுப்பதற்கில்லை. பாதிக்கு மேல் பாசி. முன் சக்கரம் ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போக, கடைசியில் இருவரும் கீழே இருந்த மடுவில் சந்தித்துக்கொண்டோம். இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் நான் “காப்பாத்துங்க” என்று கத்தியதை சார் கைதட்டிச் சொல்லிக் காட்டுவார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளை மெதுவாகத் தள்ளியபடி அவர்கள் இருவரும் பத்திரமாகக் கலங்கலைக் கடந்து வந்தார்கள். நான் மடுவிலிருந்து ஏறி வந்தேன். முழங்காலில் ரத்தம். ஒரு செருப்பு இல்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்பு அட்டை கூழாகிவிட்டது, அத்தோடு என் நாற்பது கிலோமீட்டரும்.

கிராமத்து ஓரத்தில் ஒரு புங்கமரம், அதன் கீழே சாய்வாக மண்ணில் பாதி புதைந்த ஒரு பெரிய கல். கழன்றுபோன சங்கிலியை மாட்ட நல்ல இடம். சைக்கிளை அந்தக் கல்லில் சாத்தினேன். ஒரு காலைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்து, சங்கிலியை இழுத்து மாட்டி, கையிலிருந்த கிரீஸையும் அந்தக் கல்லிலேயே துடைத்தேன். மேடம் நிழலுக்காகக் கல்லின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நொடி அங்கிருந்து ஒரு குரல்.

“காலை எடு. மூதேவி.”

நான் உறைந்துபோனேன். பொய் சொன்னேன், சைபீரியா சொன்னேன், வாஸ்தவம்தான். அதற்காக ஒரு காலேஜ் பேராசிரியை இப்படித் திட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. என் அம்மாகூட அந்நியர் முன்னால் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. காலை எடுத்துவிட்டு, “மன்னிச்சுக்கோங்க மேடம்” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“உன்னை இல்லப்பா. மூதேவி, மூதேவி. இங்க வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். கல்லின் மறுபக்கத்தில் பெரிய வயிற்றோடு ஒரு பெண் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு ஒருவன், இன்னொரு பக்கம் ஒரு பெண், தலைக்கு மேலே ஒரு காக்கைக் கொடி. மேடம் தரையில் மண்டியிட்டு, முந்தானை மாதிரி துப்பட்டாவால் மண்ணைத் துடைத்தார். சேட்டை என்று இவளுக்குப் பெயர், மூத்த தேவி, பல்லவர் காலத்தில் ஊர் ஊராகக் கும்பிட்டிருக்கிறார்கள், இது ஆயிரத்து இருநூறு வருஷமாவது இருக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். சார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு நாளாக நான் பொய்யாகத் தேடிய சரித்திரம், என் செருப்பில்லாத காலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ஒரு அம்மாள் துணி மூட்டையோடு வந்தார்.

“யாருப்பா அது? தொவைக்கற கல்லுல கிரீஸ் தடவி வச்சிகீறது?”

மேடம் எழுந்து, இது என்ன தெரியுமா என்று விளக்கினார். அந்த அம்மாள், அந்தாண்டை ஏதோ தொந்தியாக ஒரு உருவம் இருக்கிறது, பிள்ளையாருக்குச் சொந்தக்காரராக இருக்கும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். மூதேவி என்றதும் மூட்டையைக் கீழே போட்டார். இத்தனை வருஷமாக மூதேவி முதுகிலா துணி துவைத்தேன் என்று தலையில் கைவைத்தார். மேடம் அவசரமாக, பயப்பட ஒன்றுமில்லை, லட்சுமிக்கு மூத்தவள், அக்கா என்றுதான் அர்த்தம் என்று சமாதானம் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சிலையையே பார்த்தார்.

“அக்காளா? அப்ப ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. நானும் எங்கூட்ல மூத்தவதான். எம் முதுகுலயும் எல்லாரும் துணி தொவைச்சவங்கதான்.”

பிறகு அவருடைய பார்வை என் மேல் திரும்பியது. மேலிருந்து கீழ்வரை பார்த்தார், ஈரச் சட்டை, ஒற்றைச் செருப்பு.

“நீ கோவில்பட்டி புள்ளதான? எங்க தேவராஜ் சொன்னான். லைன்ல ஒர்த்தன் பெரிய ஆபீசரு கிட்ட புளுகிட்டு மாட்டிகினான், ஞாயித்துக்கெழம சைக்கிள்ல இட்டுகினு வருவான், வந்தா வழி காட்டி வுடு, பாவம் ஒண்ணும் தெரியாதுன்னு. இவுரு யாரு, உங்கப்பாவா?”

தேவராஜ் எங்கே என்று சார் கேட்டார். உள்ளேதான் தூங்குகிறான் என்று கன்னியம்மா, அதுதான் அந்த அம்மாள் பெயர், தேவராஜின் அம்மா, வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். எங்களைத் தூங்குமூஞ்சிகள் என்ற தேவராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு லுங்கியோடு வந்தார், பிளாண்ட் ஹெட்டைப் பார்த்தார், வந்த வேகத்தில் சட்டை போட உள்ளே ஓடினார்.

சார் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

“இந்தப் பக்கம் எத்தனை தடவை வந்திருக்கே?”

“இதான் முதல் தடவை சார்.”

“வல்லக்கோட்டை?”

“அதுவுந்தான் சார்.”

“சைக்கிளாவது உன்னுதா?”

“வாடகை சார்.”

“அது தெரியும். ஏழாம் நம்பர். தண்ணில விழுந்ததும் மண்ணு கரைஞ்சு போச்சு.”

என் கன்ஃபர்மேஷன் அந்த மடுவிலேயே மிதந்து போவது எனக்குத் தெரிந்தது. மேடம்தான் குறுக்கே வந்தார். இவன் உண்மையான வழியில் கூட்டிப் போயிருந்தால் நாம் இந்தக் கல்லைப் பார்த்திருப்போமா என்று கேட்டார். சார் வாயை இறுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். முதலில் மூக்கு நடுங்கியது, பிறகு தோள். பிறகு அந்த மனிதர் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “காலை எடு மூதேவி” என்று மேடம் சொல்ல, நான் “மன்னிச்சுக்கோங்க” என்றதைத் தானே நடித்துக் காட்டினார். கன்னியம்மா சிரித்தார். சட்டை போட்டுக்கொண்டு வந்த தேவராஜ், எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

பயணத்தை அதோடு விட சாருக்கு மனமில்லை. என் சைக்கிளின் முன் சக்கரம் நெளிந்துவிட்டதால் அது தேவராஜ் வீட்டில் தங்கியது. அவர் தன் சைக்கிளின் கேரியரில் என்னை உட்கார வைத்து மிதிக்க, நாலு பேரும் மூன்று சைக்கிளில் சிங்கப்பெருமாள் கோவில் போனோம். அங்கே சாமியைச் சுற்றுவதென்றால் குன்றையே சுற்றவேண்டும். நான் வெறுங்காலோடு, நொண்டிக்கொண்டு சுற்றினேன். அர்ச்சகர் ஆரத்தியைத் தூக்கி நரசிம்மரின் நெற்றிக் கண்ணைக் காட்டினார். பக்கத்தில் நின்ற மேடம் இந்தக் குகையைப் பற்றி ஏதோ சொல்ல, சார் என்னைப் பார்த்து, இதை யார் கட்டினது காளிராஜ், நீ சொல் என்றார். தெரியாது சார் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மையான சரித்திரத் தகவல்.

என் டிரெய்னிங் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில், தகவல்களைச் சரிபார்த்துச் சொல்லும் பழக்கம் தேவை என்று சாரின் கையெழுத்திலேயே இருந்தது. அந்த மூன்று மாத ஞாயிறுகளிலும் மேடம் என்னை விடவில்லை. தெரிந்த வழியில் போகக்கூடாது, நான் எங்கே வழி தப்புகிறேனோ அங்கேதான் போகவேண்டும் என்பது அவருடைய சட்டம். மழுங்கிப்போன ஒரு நடுகல்லும் நிறைய முள்ளும் கிடைத்தன. மூதேவிக்கு ஊர்க்காரர்கள் புங்கமரத்தடியிலேயே ஒரு மேடை கட்டினார்கள். கன்னியம்மாவுக்குத் துவைக்க வழவழவென்று ஒரு புதுக் கருங்கல் சார் அனுப்பினார். அதில் நுரை சரியாக வரவில்லை என்று அவர் கடைசிவரை குறை சொன்னார்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் சாத்தூர். கல்யாணத்துக்கு வந்த தேவராஜ் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பெண் வீட்டாருக்கு ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கடுகு டப்பா காணோம் என்றால்கூட, மூதேவியைக் கண்டுபிடித்தவருக்கு இது கிடைக்காதா என்றுதான் என் மனைவி ஆரம்பிப்பாள்.

போன வருஷம் எங்கள் மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘என் தந்தை’ என்ற கட்டுரையை அவள் மிக நன்றாக எழுதியிருப்பதாக டீச்சர் பாராட்டி, நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

“என் அப்பாவுக்கு மூதேவி கிடைத்தது ஒரகடத்தில். அம்மா கிடைத்தது சாத்தூரில்.”

அன்று மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூவரும் ஓட்டலில்தான் சாப்பிட்டோம்.